மறைக்க வேண்டிய நோய் அன்று

(யூபிலி ஆண்டை முன்னிட்டு, கே.கே. நகர், நம் பங்கு மன்றத்தில் நடைபெற்ற குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றம், தேர்ப்பவனி, கூட்டுத் திருப்பலி, அதன் பின் பிரியாணி. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் யூபிலி என்ற சொல் பிறந்த இடம் லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, கட்டுண்டு கிடப்போர் விடுவிக்கப்பட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அங்கே கண்ட கட்டளை. ஆகவே யூபிலி கொண்டாடும் பங்கு ஒன்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் நடுவில் இன்னும் கட்டுண்டு கிடப்பவர் யார்?

முனுசாமி சாலையிலிருந்து எம்.ஜி.ஆர். நகர் வரை, நெசப்பாக்கம் வரை, நாம் வீடு சந்திக்கச் செல்லும்போது ஒரு வகைக் கட்டை அடிக்கடி காண்கிறோம். முன்னறையில் பேச்சு நடக்கும், காப்பி வரும். உள்ளறையின் கதவு மட்டும் சாத்தியே இருக்கும். "உள்ளே யார்?" என்று கேட்டால், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சாமி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். என்ன உடம்பு என்று சொல்லமாட்டார்கள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ போன பிறகு, வாசல்வரை வழியனுப்ப வரும் தாய், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொல்வாள்: "வலிப்பு, சாமி."

சர்க்கரை நோயைச் சொல்ல வெட்கப்படுவார் இல்லை. இரத்த அழுத்தத்தைப் பெருமையாகவே சொல்கிறார்கள். வலிப்பை மட்டும் ஏன் மறைக்கிறோம்? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம்

இந்நோயை நம் மக்கள் காக்காய் வலிப்பு என்கிறார்கள். காகத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. காலும் கையும் வலித்து இழுப்பதால் 'கால் கை வலிப்பு' என்றிருந்த பெயர் வாய்வழக்கில் திரிந்து காக்காய் ஆகிவிட்டது. பெயர் திரிந்தது போலவே கருத்தும் திரிந்துவிட்டது. பழந்தமிழில் இதற்கு முயலகன் என்றும் ஒரு பெயர் உண்டு. சிவாலயங்களில் நடராசர் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறள் உருவத்துக்கும் அதே பெயர்தான். வடமொழி மருத்துவ நூல்கள் இந்நோயை அபஸ்மாரம் என்றன. நினைவு தப்புதல் என்பது அதன் பொருள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'எபிலெப்சி' என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. யாரோ வந்து பற்றிக்கொள்ளுதல் என்பது அதன் கருத்து.

பாருங்கள், கிழக்கிலும் மேற்கிலும் மனிதர் ஒன்றேபோல் எண்ணியிருக்கிறார்கள். நன்றாக நின்றுகொண்டிருந்தவன் மரம்போல் சாய்கிறான். கை கால் இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சில நிமிடம் கழித்து ஒன்றும் நடவாதவன்போல் எழுந்து உட்காருகிறான். இதைப் பார்த்தவர்கள் யாரோ இவனைப் பிடித்து விட்டார்கள் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஹிப்போகிரட்டீசு என்ற கிரேக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானதன்று, இதன் இருப்பிடம் மூளையே என்று துணிந்து கூறிவிட்டது.

வலிப்பு என்றால் என்ன?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று மிக நுண்ணிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. ஒழுங்காக நடக்கும் இந்தப் பேச்சில், திடீரென்று ஒரு கூட்டம் அணுக்கள் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால் என்ன ஆகும்? அதுதான் வலிப்பு. வீட்டில் மின்னழுத்தம் எகிறும்போது விளக்குகள் படபடப்பதுபோல் உடம்பு படபடக்கிறது. கூச்சல் அடங்கியதும் உடம்பும் அடங்குகிறது. 1924ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனித மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்து, 1929இல் அதை வெளியிட்டார். அன்றுமுதல் இது வெறும் ஊகமாக இல்லாமல், காகிதத்தில் கோடுகளாகக் காணக்கூடிய உண்மை ஆயிற்று. அந்தச் சோதனையைத்தான் இன்று ஈ.ஈ.ஜி. என்கிறோம்.

எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதன்று. வகுப்பில் இருக்கும் சிறுமி சில விநாடிகள் வெறித்துப் பார்க்கிறாள், கூப்பிட்டால் கேட்பதில்லை, பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதுகிறாள். ஆசிரியை அவளைக் கவனமில்லாதவள் என்று பெஞ்சின்மேல் நிறுத்துகிறாள். அதுவும் வலிப்பாயிருக்கலாம். ஒரு பெரியவர் பேசிக்கொண்டே இருக்கையில் வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவி, சில நிமிடம் தன்னினைவின்றி இருக்கிறார். அதுவும் வலிப்பாயிருக்கலாம். மறுபுறம், ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் வரும் இழுப்பு பெரும்பாலும் வலிப்பு நோய் அன்று. ஒரே ஒரு முறை வந்ததை வைத்து எவரையும் வலிப்புக்காரர் என்று முத்திரை குத்தலாகாது. எதுவானாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆயிரம் பேருக்கு நான்கு முதல் பத்துப் பேர் என்பது பொதுவான அளவு. அப்படியானால் ஞாயிறு திருப்பலிக்கு நாம் அனைவரும் கூடியிருக்கும்போது, நம் பெஞ்சுகளிலேயே சிலர் இருக்கிறார்கள் என்பதே பொருள். அதே நிறுவனம் கூறும் மற்றொன்றையும் கேளுங்கள்: சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் இவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இத்தனை பேர் குணத்தோடு வாழக்கூடிய நோய்க்காக நாம் கதவைச் சாத்துகிறோம்!

மலையடிவாரத்தில் ஒரு தகப்பன்

சுவிசேஷத்தில் இந்நோய் கொண்ட ஒரு சிறுவன் வருகிறான். மத்தேயு பதினேழாம் அதிகாரம், மாற்கு ஒன்பதாம் அதிகாரம், லூக்கா ஒன்பதாம் அதிகாரம் ஆகிய மூன்றிலும் அவனைக் காணலாம். இயேசு ஆண்டவர் மலைமீது உருமாறிய மறுகணம்போல், இறங்கி வந்தவுடன் இது நடக்கிறது. தரையில் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், விறைத்துப் போகிறான். தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். ஒரு மருத்துவர் எழுதும் குறிப்புக்கு இது சற்றும் குறைந்ததன்று. மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் நிலவின் பிடியில் இருப்பவன் என்ற பொருள்படும். அக்காலத்தார் இந்நோய்க்கு வழங்கிய சொல் அது.

"ஆனால் சுவிசேஷம் அதைப் பேய் என்கிறதே, சாமி?" என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சுவிசேஷம் எழுதியவர்கள் தம் காலத்து மக்கள் பேசிய மொழியில் எழுதினார்கள். அந்தச் சிறுவனுக்கு ஆண்டவர் செய்த புதுமையை நாம் விசுவசிக்கிறோம். அதைக் கொண்டு, இன்று வலிப்பு கண்ட ஒவ்வொருவருக்கும் பேய் என்று தீர்ப்பிடத் திருச்சபை நமக்கு அதிகாரம் தரவில்லை. பேயோட்டும் சடங்கை, ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவன்றி எவரும் நடத்தலாகாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவு. நோயையும் தீய ஆவியையும் குழப்பிக்கொள்ளாமல் முதலில் தெளிவு பெற வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் எச்சரிக்கிறது. ஆகவே வேப்பிலையால் அடிப்பதும், புகை போடுவதும், முடியைப் பிடித்துக் கேள்வி கேட்பதும் எந்தத் தலத்தில் நடந்தாலும், எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும், சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாலும், தவறே.

இக்காட்சியில் நம் மனத்தைத் தொடும் இடம் வேறு. ஆண்டவர் முதலில் என்ன செய்தார்? தகப்பனிடம், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரித்தார். சிறுவயது முதலே என்றான் தகப்பன். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? அந்தத் தகப்பன் அத்தனை காலமும் யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்ததைச் சொல்ல வைப்பதற்காகவே கேட்டார் என்று நாம் எண்ணுகிறோம். சுற்றிலும் கூட்டம், வேதபாரகர் வாக்குவாதம், சீடர்களுக்கோ ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்த நடுவில் ஒருவர் மட்டும் நின்று விசாரித்தார். சிறுவன் அசைவற்றுக் கிடந்தபோது கூட்டம் இறந்துவிட்டான் என்றது. அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். விசாரிப்பது, கை கொடுப்பது ஆகிய இவ்விரண்டுக்கும் புதுமை செய்யும் வரம் தேவையில்லை. நம் எல்லோராலும் முடியும்.

உருமாற்றத் திருவிழா ஆகஸ்டு 6. அதே நாளில், 2001ஆம் ஆண்டு, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டனர். வலிப்பு மனநோய் அன்று, இரண்டும் வேறு. ஆயினும் நோயைப் பேய் என்று எண்ணிச் சங்கிலி போடும் மனநிலை இரண்டிலும் ஒன்றே. நாம் அந்தச் சங்கிலிகளை வேறெங்கோ நடந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். சாத்திய கதவும் ஒரு சங்கிலிதான்.

திருச்சபை கற்றுக்கொண்ட பாடம்

நாம் குருமடத்தில் படித்த காலத்தில், 1983ஆம் ஆண்டு வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பே பாடமாயிருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க 1917ஆம் ஆண்டுப் பழைய தொகுப்பையும் படிக்கச் சொல்வார்கள். அதில் 984ஆம் பிரிவு, வலிப்புக் கண்டவர்களை, புத்தி பேதலித்தவர்களோடும் பேய் பிடித்தவர்களோடும் ஒரே வரிசையில் வைத்துக் குருப்பட்டத்துக்குத் தடை சொல்லியிருந்தது. புதிய தொகுப்பில் வலிப்பு என்ற சொல்லே அத்தடைகளில் இல்லை. மருத்துவம் தெளிந்தது, சட்டமும் தெளிந்தது.

அந்தத் தடைகள் கடுமையாயிருந்த காலத்திலேயே ஒருவர் அதைத் தாண்டி வந்தார். இத்தாலியில் 1792இல் பிறந்த மஸ்தாய் பெரெத்தி என்ற இளைஞருக்கு வலிப்பு இருந்தது. பாப்பரசரின் காவற்படையில் சேர முடியாமல் போயிற்று. குருவாக விரும்பினார். ஏழாம் பத்திநாதர் பாப்பரசர் சலுகை தந்து, பூசை செய்யும்போது இன்னொரு குரு உடன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1819இல் குருப்பட்டம் பெறச் செய்தார். அந்த இளைஞர்தான் 1846இல் ஒன்பதாம் பத்திநாதர் என்ற பெயரோடு பாப்பரசராகி, 1878 வரை, அதாவது முப்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் திருச்சபையை ஆண்டார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளிக்கப்பட்டது. அந்த நிபந்தனையை நினைத்துப் பாருங்கள்: "உனக்கு இடமில்லை" என்று சொல்லாமல், "உன் பக்கத்தில் ஒருவர் நிற்பார்" என்ற ஏற்பாடு. நம் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

நாட்டுச் சட்டமும் இப்படியே மாறிற்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்திருந்தது. 1999ஆம் ஆண்டு அந்தச் சொல் நீக்கப்பட்டது. நம் திருச்சபைச் சட்டத்தில் வலிப்பு திருமணத் தடை அன்று. சட்டப் புத்தகங்கள் திருந்திவிட்டன. நம் திண்ணைப் பேச்சுத்தான் இன்னும் திருந்தவில்லை.

நம் பக்கத்திலேயே மருத்துவம்

வைத்தியம் வெளிநாட்டில் இருக்கிறது என்று எண்ணவேண்டாம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவரான டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவில் புகழ்பெற்ற பென்ஃபீல்டிடம் பயின்று, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சை நம் நாட்டில் முதன்முதலாக 1952இல் அங்கேதான் நடந்தது. அடுத்து 1950இல் டாக்டர் பி. இராமமூர்த்தி நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இன்றும் அங்கே ஏழை எளியவர் சீட்டு வாங்கிக் காட்டிக்கொள்ளலாம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை செய்யும் திட்டம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் நடந்து வருகிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கு நம் கே.கே. நகரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

ஏன் வருகிறது?

பலருக்குக் காரணம் தெரிவதில்லை. சிலருக்குப் பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கும். சிலருக்கு மூளைக் காய்ச்சல், மூளைக் கட்டி, பக்கவாதம். தலைக்காயம் ஒரு முக்கியக் காரணம். தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டு நூறடிச் சாலையில் பறக்கும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் நாட்டில் மிகுதியாய்க் காணும் மற்றொரு காரணம் நாடாப்புழு. வேலூர்ப் பகுதியில் செய்த ஆய்வில், வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் இப்புழுவின் கட்டிகளே காரணம் என்று கண்டார்கள். பன்றி இறைச்சி உண்பவர்க்கே இது வரும் என்று நினைப்பது தவறு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் புழு வரும். அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, சாக்கடை நீர் பாய்ந்த கீரை, காய்கறி, கழுவாத கை ஆகியவற்றின் வழியாக மற்றவர் வயிற்றுக்குள் போனால், அவை இரத்தத்தோடு மூளைக்குச் சென்று கட்டியாகின்றன. ஆகவே சைவ உணவுக்காரருக்கும் வரும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கொத்துமல்லியையும் கேரட்டையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து.

நம் தென்னாட்டுக்கே உரிய விசித்திரம் ஒன்றும் உண்டு. தலைக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வரும். சுடுநீர் வலிப்பு என்று கர்நாடகத்திலும் தமிழகத்திலும் மருத்துவர்கள் நெடுநாளாக இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும்போது பிள்ளை ஒருமாதிரி வெறித்துப் பார்த்தால், தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இது ஒட்டுவாரொட்டி அன்று. நுரை பட்டாலும், தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது

இப்பகுதியை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

முதலாவது, பதறாமல் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும்.

இரண்டாவது, பக்கத்தில் உள்ள நாற்காலி, கல், அடுப்பு போன்றவற்றை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துண்டையோ கைப்பையையோ மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானையும் கண்ணாடியையும் கழற்றுங்கள்.

மூன்றாவது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியும், மூச்சு அடைக்காது.

நான்காவது, கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் நுழைக்காதீர்கள். பல் உடையும், உங்கள் விரலும் போகும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது கட்டுக்கதை.

ஐந்தாவது, சாவிக் கொத்து. நம் ஊரில் யாராவது விழுந்தால் பத்துப் பேர் பாக்கெட்டைத் தடவி இரும்பைத் தேடுகிறார்கள். சாவியைக் கையில் திணித்ததும் வலிப்பு நின்றது என்பார்கள். நின்றது உண்மை, சாவியால் அன்று, நேரம் ஆனதால். இரும்பு தேடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம்.

ஆறாவது, நன்றாக நினைவு திரும்பும்வரை சோடாவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். பக்கத்திலேயே இருங்கள். கண் விழிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது தம்மைச் சுற்றி நிற்கும் கூட்டம் அன்று. தமக்குத் துணையாய் இருக்கும் ஒரு முகம்.

ஏழாவது, ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும், தலையில் அடிபட்டாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும், முதல் முறையாக வந்தாலும், உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரையும் மன்றாட்டும்

முன்னாளில் இந்நோய்க்கு மருந்து இல்லை. 1857இல் புரோமைடு, 1912இல் பீனோபார்பிடோன், 1938இல் பெனிடாயின் எனப் படிப்படியாக மருந்துகள் வந்தன. இன்று மேலும் பல உண்டு. பழைய மருந்துகள் விலையும் மலிவு. ஆனால் மாத்திரையை நாள் தவறாமல், நேரம் தவறாமல் விழுங்க வேண்டும். ஆறு மாதம் வலிப்பு வரவில்லையே என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது முன்னிலும் பலமாகத் திரும்பி வருகிறது. சில ஆண்டுகள் வலிப்பே வராதிருந்தால், மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தக்கூடும். அந்த முடிவு அவருடையது. நம்முடையது அன்று, செபக்கூட்டத்தில் பேசுபவருடையதும் அன்று.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று சில கூட்டங்களில் கேட்கிறார்கள். மருத்துவரை மதிக்கச் சொல்லி, அவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. மாத்திரையை எறிவது விசுவாசம் அன்று. கொடுத்தவரின் கையைத் தட்டிவிடுவதாகும். செபியுங்கள், நோயில்பூசுதல் வேண்டுவோர் கேளுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள்.

நற்கருணை வாங்குமுன் மாத்திரை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம். தண்ணீரும் மருந்தும் நற்கருணை உபவாசத்தை முறிப்பதில்லை என்று 919ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தவக்காலத்தில் நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். ஆகவே முழு இரவுச் செபத்துக்கும் நள்ளிரவுத் திருப்பலிக்கும் வர இயலாதவர்கள் காலைத் திருப்பலிக்கு வாருங்கள். வேளாங்கண்ணிக்கும், பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் மாத்திரையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உடன் வரும் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மாதா அதனால் மனம் வருந்தமாட்டார்கள்.

குளியலறைக்கு உள்தாழ் போடவேண்டாம். கிணறு, கடல், நீச்சல் குளம் பக்கம் தனியே வேண்டாம். அடுப்பின் பின்பக்கப் பர்னரில் சமையுங்கள். குடி அறவே கூடாது. வலிப்பு உள்ளவர்க்கு நம் நாட்டில் வாகன உரிமம் கிடையாது. ஆகவே மறைத்து வண்டி ஓட்டாதீர்கள். அது பிறர் உயிரோடு விளையாடுவது.

கலியாணப் பேச்சு

கதவைச் சாத்துவதற்கு உண்மைக் காரணம் இதுதான் என்று நாம் அறிவோம். "வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்?"

முன்பு வேறொரு பங்கில் பணியாற்றியபோது கண்டது ஒன்று. ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்டுகளாக வலிப்பே வரவில்லை, மாத்திரை காத்தது. கலியாணம் நிச்சயமாயிற்று. பிள்ளை வீட்டார் மாத்திரை அட்டையைப் பார்த்துவிடக் கூடாதே என்று, ஓலை வாசித்த வாரமே தாய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கலியாணத்துக்கு முந்தின இரவு முழுதும் தூக்கமில்லை. மூன்றாம் நாள், மாமியார் வீட்டுக் கூடத்தில், அந்தப் பெண் விழுந்தாள். அவர்கள் நோய்க்காகக் கோபித்ததைவிட, ஏமாற்றியதற்காகவே கோபித்தார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ஈராண்டு கழித்தே, மருத்துவர் ஒருவர் இரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு, கணவன் வந்து அழைத்துப்போனான். இப்போது அவர்களுக்கு இரு பிள்ளைகள். மருத்துவர் சொன்ன அதே வார்த்தையைக் கலியாணத்துக்கு முன்னரே கேட்டிருந்தால், அந்த ஈராண்டுக் கண்ணீர் ஏன்?

பெற்றோரே, மறைக்காதீர்கள். பெரிய விஷயத்தை வஞ்சகமாக மறைத்துச் செய்யும் திருமணம் செல்லாமற் போகவும்கூடும் என்று 1098ஆம் பிரிவு எச்சரிக்கிறது. பிள்ளை வீட்டாரே, உண்மையைச் சொன்னவர்களைத் தண்டிக்காதீர்கள். வலிப்பு உள்ள பெண் தாயாகலாம்; பெரும்பாலோர் நல்ல பிள்ளைகளைப் பெறுகிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும். ஆகையால் கலியாணம் பேசும்போதே மருத்துவரிடம் சொன்னால் அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். மறைப்பவர்களுக்கு இந்த உதவியும் கிட்டாமற் போகிறது.

இளைஞர்களே, தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ் பந்தைப் பாய்ந்து பிடித்ததை உங்கள் அப்பாமாரிடம் கேளுங்கள். அவருக்கும் வலிப்பு நோய் உண்டு. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னவர்.

நான்காவது ஆள்

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்ற அதிகாரத்தில், மருத்துவம் என்பது நான்கு பேர் சேர்ந்த காரியம் என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, இவற்றோடு உடனிருந்து பார்த்துக்கொள்பவர். முதல் மூன்றும் சென்னையில் உண்டு. நான்காவது ஆள்தான் குறைவு. அந்த இடம் பங்குக்கு உரியது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நான்கு காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம். வின்சென்ட் தெ பவுல் சபையார், மாத்திரை வாங்க முடியாத வீடுகளுக்கு மாதந்தோறும் அது தவறாமல் கிடைக்க வழி செய்யட்டும். மரியாயின் சேனையார் வீடு சந்திக்கும்போது, சாத்திய கதவுக்கு வெளியே பொறுமையாக உட்காரட்டும். கேட்டதை வேறு வீட்டில் சொல்லாதிருக்கட்டும். மறைக்கல்வி ஆசிரியர்களும் பீடச் சிறுவர்களும் காணிக்கை எடுப்போரும் மேலே சொன்ன ஏழு பாடங்களையும் மனப்பாடமாகக் கற்கட்டும். கோயிலில் ஒருவர் விழுந்தால் பூசை குழம்பாமல், கூட்டம் கூடாமல், இருவர் போய்த் துணை நிற்கட்டும். கடைசியாக, நவம்பர் 17 நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் நாள். அதை ஒட்டிய ஞாயிறன்று இவர்களுக்காகவும் இவர்கள் குடும்பங்களுக்காகவும் பொது மன்றாட்டில் வேண்டுவோம். 'பெயர் சொல்ல விரும்பாத நோயாளி' என்று அல்ல, வலிப்பு நோயாளர் என்றே வாய்விட்டுச் சொல்லி வேண்டுவோம்.

உள்ளறையில் இருப்பவர்களுக்கும், அவர்களைக் காத்துவரும் தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. இது உங்கள் பாவத்தின் கூலி அன்று. முன்னோர் சாபமும் அன்று. நீங்கள் கோயிலுக்கு வாருங்கள். பூசை நடுவில் வலிப்பு வந்துவிடுமோ என்று அஞ்சிப் பின் பெஞ்சில், வாசலோரம் உட்கார வேண்டாம். வந்தால் வரட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று இனித் தெரியும்.

சிறுவனைக் கைப்பிடித்துத் தூக்கிய ஆண்டவர் உங்கள் அனைவரையும், உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.